பெயர், வயது, காலில் தழும்பு: சாமானிய மூதாதையரின் வாழ்க்கையை ஆவணங்களில் தேடுவது எப்படி?

புதுதில்லி: 1903-ஆம் ஆண்டில் கொல்கத்தா துறைமுகத்திலிருந்து 'தி கிளைட்' என்ற கப்பல் தென் அமெரிக்காவின் வடகரையில் இருந்த பிரிட்டிஷ் கயானாவுக்குப் புறப்பட்டது. கரும்புத் தோட்டங்களில் வேலை செய்ய ஒப்பந்தக் கூலிகளாகப் பதிவு செய்யப்பட்டவர்கள் அதில் ஏற்றப்பட்டனர். அவர்களுள் ஒருவர் பெயர் சுஜாரியா. வயது 27. சாதி பிராமணர். நான்கு மாதக் கர்ப்பிணி. காலில் தீக்காயத் தழும்பு. சொந்த ஊர் பிகாரின் சாப்ரா பகுதியில் ஒரு கிராமம். கணவர் உடன் வரவில்லை.

கப்பல் ஏறும் முன் அவருக்கு அளிக்கப்பட்ட குடியேற்றச் சீட்டு இத்தனை விவரங்களையும் ஒரே தாளில் பதிந்து வைத்திருந்தது. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்குப் பிறகு அந்தத் தாளைத் தேடிப் படித்தவர், அவருடைய கொள்ளுப்பேத்தியும் அமெரிக்கப் பத்திரிகையாளருமான கையுத்ரா பஹதூர். சுஜாரியா கப்பலிலேயே ஓர் ஆண் குழந்தையைப் பெற்றெடுத்தார். அந்தக் குழந்தைதான் பஹதூரின் தாத்தா. 2013-இல் வெளியான 'கூலி வுமன்' என்ற நூல் இந்தத் தேடலிலிருந்து பிறந்தது.

ஒரு கர்ப்பிணிப் பெண் ஏன் தனியாகக் கடல் கடந்தார்? கணவரை இழந்தவரா, கைவிடப்பட்டவரா, தப்பி ஓடியவரா, ஏமாற்றி அழைத்துச் செல்லப்பட்டவரா? காலில் இருந்த தீக்காயம் எப்படி ஏற்பட்டது? சீட்டில் இதற்கெல்லாம் விடை இல்லை. பஹதூரும் முடிவான விடை எதையும் தரவில்லை. கேள்விகளை அடுக்கிச் செல்வதோடு நிறுத்திக்கொள்கிறார். எழுத்தறிவில்லாத, சொத்தில்லாத, வரலாற்று நூல்களில் இடம்பெறாத ஒரு மூதாதையைத் தேடுவோர் எல்லோரும் வந்து நிற்கும் இடம் இதுவே. தாள் கிடைக்கும், அதில் உள்ள மனிதரில் ஒரு பகுதி மட்டுமே கிடைக்கும்.

இத்தகைய தேடல் இன்று ஓய்வுநேர ஆர்வமாக மட்டும் இல்லை. வெளிநாடுவாழ் இந்தியக் குடியுரிமை அட்டை எனப்படும் ஓசிஐ அட்டை பொதுவாக கொள்ளுப்பேரன், கொள்ளுப்பேத்தி வரையிலான தலைமுறைகளுக்கே வழங்கப்படுகிறது. மொரீஷியஸில் வாழும் இந்திய வம்சாவளியினரின் ஏழாம் தலைமுறைக்கும் அது கிடைக்கும் என்று 2024 மார்ச்சில் அந்நாட்டுக்குச் சென்ற குடியரசுத் தலைவர் திரௌபதி முர்மு அறிவித்தார். டிரினிடாட் - டொபாகோவின் ஆறாம் தலைமுறையினருக்கும் வழங்கப்படும் என 2025 ஜூலையில் பிரதமர் நரேந்திர மோடி அறிவித்தார். பாட்டனுக்குப் பாட்டன் எந்த ஊர், எந்தக் கப்பல் என்ற கேள்விக்கு இனி ஆவணம் காட்ட வேண்டியவர்கள் பெருகுவார்கள். இந்தியாவுக்குள்ளேயே நிலத்துக்காகவும், அசாமில் குடியுரிமைக்காகவும், லட்சக்கணக்கானோர் தாத்தாவின் பெயர் தாங்கிய ஒரு காகிதத்தைத் தேடி அலைந்திருக்கிறார்கள்.

யாருக்குத் தேவைப்பட்டார்?

பிரிட்டனிலோ அமெரிக்காவிலோ குடும்ப வரலாறு தேடுவோர் முதலில் நாடுவது மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஏடுகளை. அமெரிக்காவில் 72 ஆண்டுகளும், பிரிட்டனில் 100 ஆண்டுகளும் கடந்தபின் அவை பொதுமக்களுக்குத் திறக்கப்படுகின்றன. இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளின் 1921 கணக்கெடுப்பு 2022 ஜனவரியில் வெளியானது. எந்தத் தெருவில், எந்த வீட்டில், யார் யாருடன், என்ன தொழிலில் தாத்தா இருந்தார் என்பதை வீட்டிலிருந்தபடியே பார்த்துவிடலாம்.

இந்தியாவிலும் 1881 முதல் 2011 வரை பத்தாண்டுக்கு ஒருமுறை தலைகள் எண்ணப்பட்டன. ஆனால் இங்கே எஞ்சியிருப்பவை கூட்டுத்தொகைகள் மட்டுமே. ஒரு மாவட்டத்தில் எத்தனை குயவர்கள், எத்தனை விதவைகள் என்று 1891 அறிக்கை சொல்லும். அந்தக் குயவரின் பெயர் என்ன என்று சொல்லாது. பெயர் எழுதிய சீட்டுகள் எண்ணி முடித்ததும் அழிக்கப்பட்டன. 1948-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்புச் சட்டத்தின் 15-ஆவது பிரிவு, தனிநபர் பதிவுகளை எவரும் பார்வையிட முடியாது என்றும் அவற்றைச் சாட்சியமாக ஏற்க முடியாது என்றும் கூறுகிறது. எத்தனை ஆண்டுகள் கழிந்தாலும் இந்தத் தடை விலகுவதில்லை.

ஆகவே இந்தியாவில் தேடல் வேறு கேள்வியிலிருந்து தொடங்க வேண்டும். மூதாதை எங்கே வாழ்ந்தார் என்பதைவிட, அவர் யாருக்குத் தேவைப்பட்டார் என்பதே பயனுள்ள கேள்வி. வரி வாங்க வேண்டியவர் அவர் பெயரை எழுதி வைத்தார். தோட்டத்துக்குக் கூலியாகக் கொண்டுபோனவர் எழுதி வைத்தார். போருக்கு அனுப்பியவர் எழுதினார். தட்சிணை பெற்றுச் சடங்கு செய்துவைத்த புரோகிதரும் எழுதினார். இவர்களில் எவருக்கும் தேவைப்படாத மனிதர் எங்கும் பதிவாகவில்லை.

லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ள இந்தியா ஆபீஸ் குடும்பப் பதிவுகள் இணையத்தில் பெரிதும் பேசப்படுபவை. அவற்றை நம்பி இறங்கும் இந்தியர்கள் ஏமாற்றமடைவதுண்டு. ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் என அங்கே நிறைந்திருப்பவர்கள் பெரும்பாலும் இந்தியாவில் வாழ்ந்த ஐரோப்பியர்களும் ஆங்கிலோ-இந்தியர்களும்தான்.

குடியேற்றச் சீட்டு

1834-இல் மொரீஷியஸில் தொடங்கி 1917-இல் ஆள்சேர்ப்பு நிறுத்தப்படும் வரை பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் ஒப்பந்தக் கூலிகளாகக் கடல் கடந்தனர். 1838-இல் பிரிட்டிஷ் கயானா, 1845-இல் டிரினிடாட், 1860-இல் நேட்டால், 1873-இல் சுரிநாம், 1879-இல் பிஜி எனப் பட்டியல் நீண்டது. 'அக்ரிமென்ட்' என்ற ஆங்கிலச் சொல் உழைப்பாளர் நாவில் 'கிர்மிட்' ஆயிற்று. ஒப்பந்தத்தில் சென்றவர்கள் 'கிர்மிட்டியா' ஆனார்கள்.

சாமானிய இந்தியர் ஒருவரைப் பற்றி 19-ஆம் நூற்றாண்டு அரசு எழுதிவைத்த ஆவணங்களில் குடியேற்றச் சீட்டைப் போல விரிவானவை மிகக் குறைவு. கப்பலின் பெயர், முகாம் எண், பெயர், தந்தை பெயர், வயது, பால், சாதி, உயரம், உடலில் உள்ள அடையாளம், நெருங்கிய உறவினர், மாவட்டம், காவல் நிலைய எல்லை, கிராமம், திருமணமானவராயின் யாருடன் என்ற விவரம் ஆகியவை அதில் இருக்கும். பயணத்துக்குத் தகுதியானவர் என மருத்துவரும், விருப்பத்துடனேயே செல்கிறார் என அதிகாரியும் கையொப்பமிட்டிருப்பார்கள். அக்கறையால் எழுதப்பட்ட தாள் அன்று அது. ஒருவர் தப்பி ஓடினால் பிடிப்பதற்கும், ஒருவர் பெயரில் இன்னொருவர் ஏறாமல் தடுப்பதற்கும் உடல் அடையாளம் வேண்டியிருந்தது. அந்தத் தழும்புக் குறிப்புதான் இன்று பேரப்பிள்ளைகளுக்குத் தாத்தாவின் உருவத்தில் எஞ்சியிருக்கும் ஒரே கீற்று.

பிஜிக்குச் சென்றோரின் சீட்டுகள் சுவா நகரிலுள்ள தேசிய ஆவணக்காப்பகத்தில் உள்ளன. மொரீஷியஸில் மோகா நகரிலுள்ள மகாத்மா காந்தி நிறுவனம் குடியேறிகளின் ஏடுகளைப் பாதுகாக்கிறது. அங்கு வந்திறங்கிய ஒவ்வொருவருக்கும் ஓர் எண் வழங்கப்பட்டதால், அந்த எண் தெரிந்தால் தேடல் எளிதாகிவிடும். 1860-களின் நடுப்பகுதிக்குப் பின் வந்தவர்களாயின் சிலருக்குப் புகைப்படமும் கிடைக்கும். நேட்டால் கப்பல் பட்டியல்களை டர்பனில் உள்ள காந்தி - லுத்துலி ஆவண மையம் தொகுத்துள்ளது. பிஜி, கயானா, சுரிநாம், டிரினிடாட் நாடுகளின் ஒப்பந்தக் கூலிகள் ஆவணங்களை யுனெஸ்கோ 2011-இல் 'உலக நினைவகப் பதிவேட்டில்' சேர்த்தது. இந்தியாவில் தேசிய ஆவணக்காப்பகத்தின் 'அபிலேக் படல்' இணையதளத்தில் குடியேற்றத் துறையின் கோப்புகள் பல கிடைக்கின்றன. அவை கொள்கை, கடிதப் போக்குவரத்து தொடர்பானவை. தனிநபரின் சீட்டு பெரும்பாலும் அவர் சென்று இறங்கிய நாட்டில்தான் இருக்கும் என்பதை நினைவில் கொள்வது வீண் அலைச்சலைத் தவிர்க்கும்.

இந்தச் சீட்டுகளைத் தனித்தனியாகப் பார்ப்பது ஒரு வகை. மொத்தமாகப் பார்ப்பது இன்னொரு வகை. பிஜியில் பிறந்த வரலாற்றாசிரியர் பிரிஜ் வி. லால், ஒரு கிர்மிட்டியாவின் பேரன். வட இந்தியாவிலிருந்து பிஜிக்குச் சென்ற 45,439 பேரின் சீட்டுகளை ஒன்றுவிடாமல் ஆராய்ந்து 1983-இல் 'கிர்மிட்டியாஸ்' என்ற நூலை வெளியிட்டார். கூலிகள் அனைவரும் கிராமத்திலிருந்து ஏமாற்றித் தூக்கிச் செல்லப்பட்டவர்கள் என்ற பொதுநம்பிக்கையை அது அசைத்தது. சொந்த மாவட்டம் ஒன்றாகவும், பதிவு செய்யப்பட்ட மாவட்டம் வேறாகவும் பலருக்கு இருந்தன. அதாவது ஆள்சேர்ப்பவரின் கண்ணில் படுவதற்கு முன்பே அவர்கள் வேலை தேடி ஊரைவிட்டு வெளியேறியிருந்தனர். பெண்களில் பெரும்பாலோர் கணவருடன் செல்லவில்லை, தனியாகவே சென்றனர் என்பதும் சீட்டுகளிலிருந்தே வெளிப்பட்டது. 100 ஆண்களுக்கு 40 பெண்கள் இருக்க வேண்டும் என்ற விதி இருந்ததால் பெண்களைச் சேர்க்க முகவர்கள் முனைந்தனர் என்பதையும் இதனுடன் சேர்த்தே பார்க்க வேண்டும்.

பெயரும் ஊரும் செய்யும் குழப்பம்

சீட்டு கிடைத்துவிட்டால் ஊரைக் கண்டுபிடிப்பது எளிது என்று தோன்றும். உண்மையில் அங்கிருந்துதான் சிக்கல் தொடங்குகிறது. போஜ்புரியிலோ அவதியிலோ தமிழிலோ தெலுங்கிலோ சொல்லப்பட்ட பெயரை, அந்த மொழி தெரியாத எழுத்தர் காதில் விழுந்தபடி ஆங்கில எழுத்துகளில் எழுதினார். அதைப் பார்த்து மற்றொருவர் தோட்டப் பதிவேட்டில் நகலெடுத்தார். மூன்றாம் கையில் அது வேறு பெயராகிவிடும். செய்தி மொழிபெயர்ப்பில் அன்றாடம் எதிர்ப்படும் தொல்லையும் இதுவே. ஆங்கிலத்தில் வந்த வட இந்தியக் கிராமப் பெயர் ஒன்றைத் தமிழில் எழுத நான்கு வழிகள் இருக்கும், அவற்றில் மூன்று தவறாக இருக்கும்.

இதற்குத் தமிழர்க்கு நன்கு விளங்கும் சான்று தென்னாப்பிரிக்காவில் உள்ளது. 1860 நவம்பர் 16-ஆம் தேதி சென்னையிலிருந்து சென்ற 'ட்ரூரோ' கப்பல் டர்பனை அடைந்தது முதல் 1911 வரை நேட்டாலுக்கு 1,52,184 பேர் கொண்டு செல்லப்பட்டனர். அவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் சென்னையில் கப்பல் ஏறியவர்கள். முதலி அங்கே 'மூட்லி' ஆனது; கவுண்டர் 'கோவெண்டர்' ஆனது; முனிசாமி 'மூன்சாமி' ஆனார். தந்தையின் தனிப்பெயர் பேரனுக்குக் குடும்பப்பெயராக ஒட்டிக்கொண்டது. சாதிப்பெயர் என்று எண்ணித் தேடுபவருக்கு அது வெறும் தாத்தாவின் பெயராக இருக்கலாம்.

ஊர்ப்பெயரில் இன்னொரு சங்கடம். சீட்டில் 'சாரன்' என்று இருந்தால் இன்றைய சாரன் மாவட்டத்தில் மட்டும் தேடினால் போதாது. 1970-களின் தொடக்கத்தில் அதிலிருந்து சிவானும் கோபால்கஞ்சும் பிரிந்தன. 'ஷாகாபாத்' என்ற மாவட்டமே இன்று இல்லை. போஜ்பூர், ரோத்தாஸ், பக்ஸர் எனச் சிதறிவிட்டது. கிர்மிட்டியாக்களை ஏராளமாக அனுப்பிய உத்தரப் பிரதேசத்தின் பஸ்தி மாவட்டத்திலிருந்து சித்தார்த்நகரும் சந்த் கபீர் நகரும் உருவாயின. பைசாபாத், 2018-இல் அயோத்தி ஆயிற்று. ஒரே பெயரில் பத்துக் கிராமங்கள் இருக்கும் அந்தச் சமவெளியில், கிராமத்தின் பெயரைவிடக் காவல் நிலையத்தின் பெயரே பெரிதும் கைகொடுக்கும். காவல் நிலைய எல்லைக்குள் அந்தப் பெயருள்ள ஊர் பெரும்பாலும் ஒன்றோ இரண்டோதான் இருக்கும்.

டிரினிடாட் பிரதமர் கமலா பெர்சாத் - பிசேசரின் முன்னோர் பக்ஸர் மாவட்டத்தைச் சேர்ந்தவர்கள் என்பது கண்டறியப்பட்டு, 2012-இல் அவர் அங்குள்ள பேல்பூர் கிராமத்துக்கு வந்து சென்றார். பிரதமர் ஒருவருக்கு இரு அரசுகளின் உதவி கிடைக்கும். சாதாரணக் குடும்பத்துக்கு இடையில் அறுபடும் கண்ணிகளே பெரிய தடை. டிரினிடாட்டில் இந்து முறைத் திருமணத்துக்குச் சட்ட ஏற்பு 1940-களில்தான் கிடைத்தது. அதற்கு முன் ஊரறிய மணம் புரிந்தோரின் பிள்ளைகளும் முறையற்ற பிறப்பாகப் பதிவு செய்யப்பட்டனர். பலரது பிறப்புச் சான்றிதழில் தந்தையின் பெயரே இல்லை. ஆறு தலைமுறைச் சங்கிலியை நிறுவ வேண்டியவருக்கு அந்த வெற்றிடம் இன்று பெரும் இடராகும்.

கைத்தி எழுத்தில் உறங்கும் நிலம்

கடல் கடந்தவர்களின் ஊரில் தங்கிவிட்டவர்களுக்கு என்ன ஆவணம்? பிகாரில் அதற்கு விடை 'கத்தியான்'. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் நடந்த நில அளவையின்போது ஒவ்வொரு குடியானவரின் பெயர், தந்தை பெயர், சாதி, வசிப்பிடம், நிலத்தின் எண், பரப்பு, செலுத்த வேண்டிய குத்தகை ஆகியன எழுதப்பட்டன. பல குடும்பங்கள் தம் கொள்ளுத்தாத்தாவின் பெயரை முதன்முதலாகப் படிப்பது இந்த ஏட்டில்தான்.

2024 ஆகஸ்ட் 20 அன்று பிகார் அரசு மாநிலம் முழுவதும் சுமார் 45 ஆயிரம் கிராமங்களை உள்ளடக்கிய சிறப்பு நில அளவையைத் தொடங்கியபோது இந்த ஏடுகளுக்குத் திடீர் மவுசு வந்தது. மூதாதையர் பெயரில் உள்ள நிலத்துக்கு உரிமை கோருவோர் 'வம்சாவளி' எனப்படும் குடும்ப மரத்தைத் தாமே எழுதிக் கையொப்பமிட்டு அளிக்க வேண்டும். மகள்களின் பெயர்களும் அதில் இடம்பெற வேண்டும். நீதிமன்றத்தில் பிரமாணப் பத்திரம் வாங்க வேண்டுமோ என்று அஞ்சிப் பலர் அலைந்ததால், தன்னுறுதி அளித்தாலே போதும் என்று அரசு விளக்கம் வெளியிட நேர்ந்தது. தில்லியிலும் மும்பையிலும் சூரத்திலும் வேலை பார்ப்பவர்கள் விடுப்பெடுத்து ஊர் திரும்பிப் பெரியவர்களிடம் பெயர்களைக் கேட்டெழுதினர்.

கத்தியான் கையில் கிடைத்தும் அதைப் படிக்க முடியாமல் திகைத்தோர் பலர். காரணம், பழைய ஏடுகள் பல கைத்தி என்ற எழுத்தில் இருப்பவை. கணக்கெழுதும் காயஸ்தர்களின் பெயரால் அழைக்கப்படும் இந்த விரைவெழுத்தில் தேவநாகரியின் தலைக்கோடு இராது. ஒரு காலத்தில் பிகாரின் நீதிமன்றங்களிலும் வருவாய் அலுவலகங்களிலும் வழங்கிய அந்த எழுத்தை இன்று வாசிக்கத் தெரிந்தவர் மிகச் சிலரே. படித்துச் சொல்பவர்கள் கேட்ட கட்டணத்தைக் கொடுக்க வேண்டிய நிலையும், தவறாகப் படித்தால் நிலமே கைமாறும் அச்சமும் சேர்ந்தன. நில அளவைப் பணியாளர்களுக்கு அரசே கைத்திப் பயிற்சி அளிக்கத் தொடங்கியது இதன் பிறகுதான். ஆனால் கத்தியான் நிலம் வைத்திருந்தவரின் ஏடு. பிறர் நிலத்தில் உழைத்த கூலிக்காரரின் பெயர், எந்த எழுத்தில் தேடினாலும், பெரும்பாலும் அதில் இராது.

பஞ்சாபில் இதற்கு இணையானது 'ஷஜ்ரா நசப்'. 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் நிலவரித் தீர்வை வகுத்தபோது, கிராமத்தில் நிலமுடைய குடும்பங்களின் வம்ச மரத்தையே வருவாய்த் துறை வரைந்துகொண்டது. ஒரு குடும்பத்தின் முதல் குடியேறியிலிருந்து கிளைகள் விரியும்.

ஹரித்வாரின் பஹிகள்

அரசு எழுதாத ஏடுகளில் புகழ்பெற்றவை ஹரித்வாரின் 'பஹிகள்'. கங்கையில் அஸ்தி கரைக்க வரும் குடும்பங்களைத் தலைமுறை தலைமுறையாக எதிர்கொள்ளும் பண்டாக்கள் எனப்படும் தீர்த்தப் புரோகிதர்கள், நீண்ட துணிக் கட்டு ஏடுகளில் யார் வந்தார், யார் இறந்தார், யாருக்கு யார் மகன் என்று எழுதி வருகின்றனர். வந்தவரே தம் கையால் எழுதிக் கையொப்பமிடுவதும் உண்டு. பஞ்சாப், ஹரியாணா, ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம், சிந்து என எந்த ஊர்க்காரருக்கு எந்தப் பண்டா என்பது வகுக்கப்பட்டிருக்கும். எனவே ஹரித்வாரில் இறங்கியதும் சொல்ல வேண்டியவை முன்னோரின் சொந்த ஊரும் சாதியும்தான். இன்று வாழும் ஊர் அங்கே செல்லாது. 1947 பிரிவினையில் வீடும் ஊரும் இழந்து வந்த குடும்பங்களுக்கு, எல்லைக்கு அப்பால் போய்விட்ட கிராமத்துடன் தங்களைப் பிணைக்கும் ஆவணமாக எஞ்சியது இந்த ஏடுதான்.

ஹரித்வார், குருக்ஷேத்திரம், பெஹோவா முதலிய தலங்களின் பஹிகளை 1970-களின் பிற்பகுதியிலிருந்து அமெரிக்காவின் யூட்டா மரபியல் சங்கம் நுண்படமாக்கியது. வாரிசுரிமை வழக்குகளில் உறவுமுறையை நிறுவ இந்த ஏடுகள் நீதிமன்றங்களில் முன்வைக்கப்பட்டுள்ளன. பின்னால் எழுதிச் செருகப்பட்டதா, உரிய பாதுகாப்பிலிருந்து வந்ததா என்பதை நீதிமன்றம் ஆராய்ந்த பிறகே ஏற்கும். இங்கும் ஏடு ஆண்வழியாகவே ஓடும். பண்டாவை நாடிவர வசதியும் அனுமதியும் இருந்த குடும்பங்களே அதில் இருப்பார்கள்.

போர் எழுதிய பட்டியல்

முதல் உலகப் போருக்குச் சென்ற பஞ்சாப் வீரர்கள் சுமார் 3 லட்சத்து 20 ஆயிரம் பேரின் விவரங்களை, 1919-இல் அன்றைய பஞ்சாப் அரசு கிராமம் வாரியாகத் தொகுத்தது. சுமார் 26 ஆயிரம் பக்கங்கள். வீரரின் பெயர், தந்தை பெயர், படைப்பிரிவு, உயிர் பிழைத்தாரா என்ற குறிப்புகள் கொண்ட அந்த ஏடுகள் லாகூர் அருங்காட்சியகத்தில் ஒரு நூற்றாண்டுக் காலம் புரட்டப்படாமல் கிடந்தன. பிரிட்டனில் உள்ள பஞ்சாப் பாரம்பரியச் சங்கமும் கிரீனிச் பல்கலைக்கழகமும் அவற்றை மின்னணுவாக்கி, 2021 நவம்பரில் ஜலந்தர், லூதியானா, சியால்கோட் மாவட்டங்களின் சுமார் 45 ஆயிரம் பதிவுகளை முதற்கட்டமாக இணையத்தில் வெளியிட்டன. எல்லையின் இருபுறமும் ஒரே ஏட்டில் தாத்தாவைத் தேட முடிந்தது.

இந்த ஏடுகள் இவ்வளவு மதிப்புப் பெறக் காரணம் உண்டு. போரில் இறந்தோரின் பெயரைப் பொறிக்க வேண்டிய அமைப்பே பலரைப் பொறிக்காமல் விட்டது. ஆசிய, ஆப்பிரிக்கப் படையினரில் குறைந்தது 1 லட்சத்து 16 ஆயிரம் பேர் பெயரால் நினைவுகூரப்படவில்லை அல்லது நினைவுகூரப்படவே இல்லை என்றும், அந்த எண்ணிக்கை மூன்றரை லட்சமாகவும் இருக்கலாம் என்றும் காமன்வெல்த் போர்க் கல்லறைகள் ஆணையத்தின் சிறப்புக் குழு 2021 ஏப்ரலில் ஒப்புக்கொண்டது. ஆணையம் மன்னிப்புக் கோரியது.

'இன்னாரின் மனைவி'

எந்த ஏட்டிலும் மிக எளிதில் தொலைபவர்கள் பெண்கள். சுதந்திர இந்தியாவின் முதல் பொதுத் தேர்தலுக்கு வாக்காளர் பட்டியல் தயாரித்தபோது, வட மாநிலங்களில் ஏராளமான பெண்கள் அன்னியரிடம் தங்கள் பெயரைச் சொல்ல மறுத்து, இன்னாரின் தாய், இன்னாரின் மனைவி என்றே பதிந்தனர். சொந்தப் பெயர் இல்லாத பதிவுகளை முதல் தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் ஏற்கவில்லை. ஏறத்தாழ 28 லட்சம் பெண்களின் பெயர்கள் நீக்கப்பட்டன. அந்த ஆண்டின் பட்டியலில் பாட்டியைத் தேடுவோர் இதை அறிந்திருப்பது நல்லது. அவர் அந்த ஊரில் வாழவில்லை என்று முடிவு செய்ய அந்த இன்மை போதுமான சான்றாகாது. கூலியாகக் கப்பலேறிய சுஜாரியாவின் பெயர் 1903-லேயே பதிவாகியிருக்க, ஊரில் இருந்த அவர் போன்ற பெண்கள் அரை நூற்றாண்டுக்குப் பின்னும் பெயரில்லாமல் இருந்தனர்.

பழைய ஏட்டில் ஒரு பெயர் இருப்பதும் இல்லாததும் என்ன செய்யும் என்பதை அசாம் கண்டது. தேசியக் குடிமக்கள் பதிவேட்டைப் புதுப்பித்தபோது, 1971 மார்ச் 24 நள்ளிரவுக்கு முன்பு தாமோ தம் மூதாதையரோ அங்கு வசித்ததை ஒவ்வொரு குடும்பமும் நிறுவ வேண்டியிருந்தது. 1951-ஆம் ஆண்டுப் பதிவேடு, பழைய வாக்காளர் பட்டியல்கள், நில ஆவணங்கள் போன்றவற்றில் தாத்தாவின் பெயரைக் கண்டுபிடித்து, அதற்குரிய 'மரபுத் தரவு எண்' பெற்று, அந்தத் தாத்தாவுடன் தமக்குள்ள உறவை இன்னொரு சான்றால் இணைக்க வேண்டும். ஒரே தாத்தாவைக் காட்டிய பேரப்பிள்ளைகள் எழுதித் தந்த குடும்ப மரங்களை அதிகாரிகள் ஒன்றோடொன்று ஒப்பிட்டனர். ஒருவர் விட்ட சித்தப்பாவை இன்னொருவர் சேர்த்திருந்தால் விசாரணைக்கு வர வேண்டும். தனிநபர் கணக்கெடுப்புச் சீட்டுகள் எங்கும் எஞ்சவில்லை என்பதற்கு ஒரு விதிவிலக்கும் இங்கேதான் இருக்கிறது. அசாமின் 1951 பதிவேடே அந்த ஆண்டுக் கணக்கெடுப்புச் சீட்டுகளைப் பார்த்து நகலெடுக்கப்பட்டதுதான்.

இதிலும் பெண்களே அதிகம் இடர்ப்பட்டனர். பள்ளிக்குச் செல்லாமல், பிறப்புப் பதிவின்றி, இளம் வயதில் வேறு ஊருக்கு மணமாகிச் சென்ற பெண்ணைத் தந்தையுடன் இணைக்கும் காகிதம் எது? கிராமப் பஞ்சாயத்துச் செயலாளர் தரும் சான்றிதழ் ஒன்றே பலருக்கு இருந்தது. அதை நம்பி விண்ணப்பித்த பெண்கள் 40 லட்சத்துக்கும் மேற்பட்டோர். 2017 பிப்ரவரியில் கௌஹாத்தி உயர் நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. உரிய சரிபார்ப்புடன் ஏற்கலாம் என்று அதே ஆண்டு டிசம்பர் 5-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. திருமணத்துக்கு முன் 'காத்துன்', பின் 'பேகம்', கணவர் இறந்தபின் 'பேவா' என்று ஒரே பெண்ணின் பெயர் ஏட்டுக்கு ஏடு மாறியதும் சந்தேகத்துக்கு இடமளித்தது. 2019 ஆகஸ்ட் 31-இல் வெளியான இறுதிப் பட்டியலில் விண்ணப்பித்த 3.3 கோடிப் பேரில் 19,06,657 பேர் இடம்பெறவில்லை.

எங்கிருந்து தொடங்குவது?

ஆவணக்காப்பகத்துக்குச் செல்லும் முன் வீட்டில் உள்ள மூத்தவர்களிடம், குறிப்பாகப் பாட்டிமார்களிடம், பேசுவதுதான் முதல் வேலை. பெயரை மட்டும் கேட்டால் போதாது. அழைப்புப் பெயர் என்ன, எந்தச் சந்தைக்குப் போவார்கள், குலதெய்வம் எங்கே, எந்த ஊரில் பெண் எடுத்தார்கள் என்பன எல்லாம் ஒரே பெயருள்ள இரண்டு ஊர்களைப் பிரித்தறிய உதவும். கேள்விப்பட்ட உச்சரிப்பிலேயே எழுதிக்கொள்ள வேண்டும். இன்றைய எழுத்துமுறைக்குத் திருத்தக் கூடாது. பிறகு, இவர் யாருக்கு வரி செலுத்தினார், யாரிடம் கூலி பெற்றார், எந்தப் படையில் இருந்தார், எந்தக் கோவிலுக்கோ தேவாலயத்துக்கோ சென்றார் என்று கேட்டால், எந்த அலுவலகத்தின் கதவைத் தட்டுவது என்பது தெரியவரும். வயது விவரத்தை ஐந்தாண்டு முன்பின் வைத்துத் தேடுவது நல்லது. பிறந்த தேதி அறியாதவரின் வயதைப் பதிவு செய்த அதிகாரி பெரும்பாலும் பார்வையால் மதிப்பிட்டே எழுதியிருப்பார்.

நாட்டின் அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2027 மார்ச் 1-ஐக் குறிப்புத் தேதியாகக் கொண்டு, முதன்முறையாக மின்னணு முறையில் நடத்தப்படவுள்ளது. சாதி விவரமும் சேகரிக்கப்படும். தாள் சீட்டுகளைப் போல இவற்றை அழித்தாக வேண்டிய இட நெருக்கடி இராது. ஆனால் 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 15-ஆவது பிரிவு நீடிக்கும்வரை, இன்று பதிவாகும் பெயர்களை நாளைய கொள்ளுப்பேரர்கள் கேட்டுப் பெற வழியில்லை.